நிழலும் ஒரு விளைச்சலே

(யூபிலி ஆண்டு உழவர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



வீட்டுக்கு யார் வந்தாலும், "வாங்க, காப்பி சாப்பிடுங்க" என்பதுதான் நம் கொங்கு நாட்டின் முதல் உபசாரம். அந்தக் காப்பி எங்கோ தூர தேசத்தில் விளைவதன்று. நம் சமவெளியைச் சுற்றி நிற்கும் மலைகளிலேயே விளைகிறது. வடமேற்கே நீலகிரி, கிழக்கே ஏற்காடும் கொல்லிமலையும், தெற்கே வால்பாறையும் பழனி மலையின் கீழ்ச்சரிவுகளும் காப்பி விளையும் இடங்களே. வால்பாறையில் பெரிய எஸ்டேட்டுகள் உண்டு. ஆனால் இந்தியாவில் காப்பி பயிரிடுவோரில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் சிறு விவசாயிகளே. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு பிழைப்பவர்களே அவர்களில் மிகுதி.

அப்படிப்பட்ட குடும்பத்தின் முன் இன்று ஒரு கேள்வி நிற்கிறது. மர வியாபாரி வாசலுக்கே வந்து, "நிழல் மரங்களைக் கொடுங்கள், கையில் ரொக்கம் தருகிறேன்" என்கிறார். மகள் திருமணம், மகன் படிப்பு, பழைய கடன் என்று தேவைகளும் நெருக்குகின்றன. மரத்தை வெட்டினால் செடிக்கு வெயில் கிடைக்கும், காய் கூடும் என்று சொல்வாரும் உண்டு. வெட்டலாமா? இதைப் பற்றியே இன்று நாம் சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

முதலில் காப்பிச் செடியின் இயல்பைப் பார்ப்போம். அது எத்தியோப்பியக் காடுகளில் பெரிய மரங்களின் கீழே வளர்ந்த செடி. பிரேசில் நாட்டார் பெரும்பாலும் திறந்த வெயிலில் பயிரிட்டு அதிக மகசூல் எடுக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் அங்கே இயந்திரம் ஓடும் பரந்த நிலங்கள் இருக்கின்றன. உரத்தை அள்ளிப் போடவும் வசதி இருக்கிறது. நம்முடையதோ செங்குத்தான சரிவு. சில மாதங்கள் மழையே இராது. வந்தால் மண்ணையே அடித்துக்கொண்டு போகும். இத்தகைய நிலத்தில் நிழல் மரம் செய்யும் வேலையைக் கூலி கொடுத்து வாங்க முடியுமா?

மேலே பலாவும் அத்தியும் சில்வர் ஓக்கும், அவற்றின் கீழே கல்யாண முருங்கை, அதற்கும் கீழே காப்பி என்று அடுக்கடுக்காக நிற்பதே நம் மலைத் தோட்டம். மேலடுக்கு வெயிலின் கடுமையைத் தணிக்கிறது. உதிரும் இலை மண்ணை மூடி ஈரத்தைக் காத்து எருவாகிறது. கல்யாண முருங்கை காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் சேர்த்து மண்ணுக்குத் தருகிறது. வேர்கள் சரிவைப் பிடித்துக்கொள்கின்றன. அராபிக்கா காப்பியின் பெரும் பகைவனான வெள்ளைத் தண்டு துளைப்பான் வெயில் படும் தண்டுகளையே நாடி முட்டையிடுகிறது. நிழலை எடுத்துவிட்டால் அந்தப் பூச்சிக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாகும். புழு புகுந்த செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை.

இனி வருமானத்தைப் பார்ப்போம். காப்பி விலையை நிர்ணயிப்பவர் நாமல்லர். 1989-ல் உலக நாடுகளின் காப்பி ஒப்பந்தத்தில் ஏற்றுமதிப் பங்கீடு முறிந்ததும் விலை சரிந்தது. இந்தியக் காப்பி வாரியம் விளைச்சலை வாங்கித் தானே விற்ற முறையும் 1990-களில் முடிவுக்கு வந்தது. 2001-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பறிகூலிக்கும் கட்டாத விலையைச் சிறு விவசாயி கண்டார். 2024-லும் 2025-லும் அதே காப்பி இதுவரை காணாத உச்சத்துக்கு ஏறியது. இப்படி ஏறி இறங்கும் பொருளை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

நிழல் மரம் உள்ளவருக்கு இன்னொரு கை இருக்கிறது. மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, காப்பி பறித்து முடியும் தறுவாயில் பணம் தரும். வாழை ஆண்டு முழுவதும் தார் தள்ளும். கோடையில் பலா வரும். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும்.

ஒரே பயிரை நம்பியதன் விளைவை இலங்கை கண்டது. காட்டை அழித்துக் காப்பி நட்ட அந்தத் தீவில் 1869-ல் இலைத்துரு நோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தொழிலே அழிந்து தேயிலை வந்தது. அத்தோட்டங்களில் வியர்வை சிந்தியவர்கள் நம் தமிழ் மக்களே. பழனி மலையிலும் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் வாட்டியது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொடுத்து அதை மீட்க உழைத்தது. வாழை போனபோது காப்பியும் மிளகும் வைத்திருந்தவர் தாக்குப் பிடிக்க முடிந்தது.

ஆனால் நிழல் என்றால் இருட்டு அல்ல. அடர்ந்த நிழலில் காய்ப்புக் குறையும், ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். பருவமழைக்கு முன் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடவேண்டும். கோடைக்குள் மறுபடி தழைக்க விடவேண்டும். தோட்டம் முழுவதும் சில்வர் ஓக் மட்டுமே வைப்பதும் முழுமையான வழியன்று. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். மிளகுக்கும் விற்பனைக்கும் உதவும். ஆனால் பலாவும் அத்தியும் தரும் கனியைப் பறவைக்கு அது தராது. வால்பாறையில் ஆய்வு செய்தவர்கள், நாட்டு மரங்கள் நிழல் தரும் காப்பித் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத்தைவிடப் பல வகைப் பறவைகள் வாழ்வதைக் கண்டிருக்கிறார்கள்.

சமவெளியில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். பழனி மலையின் வடசரிவில் பிறக்கும் சண்முகநதியும் நங்காஞ்சியாறும் அமராவதியில்தான் சேருகின்றன. மலையில் மரம் நின்றால் மழைநீர் மண்ணில் இறங்கி, ஊற்றாகக் கசிந்து, மெல்ல வந்து சேரும். மரம் போனால் ஒரு நாள் வெள்ளம், பிறகு வறண்ட மணல். மலை விவசாயி காக்கும் நிழல் நம் கிணற்றிலும் தண்ணீராக நிற்கிறது. அதற்கு நாம் அவருக்குக் கூலி ஏதும் கொடுப்பதில்லை!

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இதுதான். வியாபாரியிடம் முன்பணம் வாங்குமுன் அண்டை வீட்டாரோடு கலந்து பேசுங்கள். மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி தேவை என்பதை மறவாதீர்கள். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும், தடியன்குடிசையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையமும் இருக்கின்றன. சென்று ஆலோசனை கேளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து பழத்தைத் தோல் நீக்கி உலர்த்தி விற்றால் தனியாகப் பழமாக விற்பதைவிட நல்ல விலை கேட்கலாம். ஒரு மரம் விழுந்தே ஆகவேண்டுமானால், அதற்கு முன்பே இரண்டு நாட்டு மரக் கன்றுகளை நட்டு வையுங்கள்.

கடன் ஒரு நாளில் அடையலாம். நிழல் ஒரு நாளில் வளராது. நம் முன்னோர் இந்தப் பங்கை நமக்கு விட்டுச் சென்றதுபோல, அந்த நிழலை நாம் நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வோமாக. இறைவனின் ஆசீர் உங்கள் இல்லங்களிலும் தோட்டங்களிலும் தங்குவதாக.