காப்பாளர் இட்ட கையெழுத்து

(தருமபுரிக் கூட்டத்தில் பேசியது)



பெற்றவள் சித்தேரி மலையிலே சாமை அறுக்கிறாள். பிள்ளையோ சமவெளியிலே, அரசு விடுதியிலே பயில்கிறது. அந்தப் பிள்ளையின் தோளிலே ஊசி குத்த வேண்டுமானால் யாரைக் கேட்பது? தாயையா, விடுதிக் காப்பாளரையா? "இதுவும் ஒரு கேள்வியா?" என்பீர்கள். கம்மம் மாவட்டத்துச் செய்தியைப் படிக்கும்வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

ஆண்டு 2009. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டம். 10 முதல் 14 வயதுவரையுள்ள சிறுமியர் ஏறத்தாழ 14,000 பேர். பழங்குடிச் செல்வங்கள் பலர். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அவர்களுக்குப் போடப்பட்டது. திட்டம் அமெரிக்காவின் 'பாத்' அமைப்பினுடையது. துணை நின்றது நமது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்! குசராத்தின் வதோதராவிலும் இதே திட்டம். "சோதனையல்ல, செயல்விளக்கம்" என்றனர். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழுவோ, "சோதனையேதான்" என்று சாற்றிற்று.

ஒப்புதல் படிவங்களைப் புரட்டினர். ஆந்திரத்தில் 9,543 படிவங்கள். கைநாட்டு 1,948. விடுதிக் காப்பாளர்கள் இட்ட கையெழுத்து 2,763! நாடகம் எழுதுபவன் நான். இப்படி ஒரு காட்சி அமைத்திருந்தால், "மிகைப்படுத்துகிறான்" என்று நீங்களே நகைத்திருப்பீர்கள்.

ஏழு சிறுமியர் மாண்டனர். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. சாவுக்குக் காரணம் ஊசியல்ல என்றது விசாரணைக் குழு. நான் அதை மறுக்கவில்லை. பிணத்தைக் காட்டி மருந்தைத் தூற்றும் மலிவான அரசியல் நமக்கு வேண்டாம். அந்த ஊசி நல்ல ஊசி. 14 வயதுச் சிறுமியருக்கு அதைப் போடத் தமிழக அரசின் 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை 36 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. சோதனையே கூடாதென்பவனும் அல்லன் நான். தில்லி, புனே, நம் வேலூர் ஆகிய இடங்களில் 6,799 கைக்குழந்தைகள் பங்கேற்ற சோதனைதான், ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் சொட்டு மருந்தின் பயனை மெய்ப்பித்தது.

என் வழக்கு ஊசியோடு அல்ல, அந்த 2,763 கையெழுத்தோடு! சோறு போடுகிறவருக்கு உடல்மீதும் உரிமை உண்டென்று எந்தச் சட்டம் சொல்லிற்று? ஆய்வில் சேர்க்கப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். 7 வயது கடந்த பிள்ளையின் இசைவும், 12 கடந்தால் எழுத்திலே இசைவும் வேண்டும் என்கிறது அதே கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. அந்தத் தாள் மலையேறியதா? ஏற்ற வேண்டியவர் யார்?

அரூர்த் தோழர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். படிவம் விடுதிக்கு வந்தால், அதை எடுத்துக்கொண்டு மலையேறுங்கள். இது அரசு போடும் தடுப்பூசியா, ஆய்வா என்று முதலிலே கேட்டறியுங்கள். தாயிடம் வரிக்கு வரி படித்துக் காட்டுங்கள். "வேண்டாம்" என்றாலும் அதை அப்படியே எழுதி வாருங்கள்.