கையின் கணக்கு



கணிப்பொறித் திரையிலே அம்புக்குறியை ஓட்டும் கையைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

1964-இல் அமெரிக்காவிலே டக்ளஸ் எங்கல்பார்ட் என்பாரின் கருத்துக்கு வடிவந்தந்து, பில் இங்கிலீஷ் என்பார் முதல் மௌஸை மரத்தால் செய்தார். அதற்குப் பத்தாண்டுகட்கு முன்னரே, 1954-இல், பால் ஃபிட்ஸ் என்னும் உளவியலறிஞர் கையசைவுக்கு ஒரு விதி கண்டிருந்தார். இலக்கு எத்துணைத் தொலைவோ, எத்துணைச் சிறிதோ, அத்துணை நேரம் கைக்கு வேண்டும் என்பதே அது. 1978-இல் ஸ்டூவர்ட் கார்டும் அவர்தம் தோழர்களும் இவ்விதி மௌஸுக்கும் பொருந்துமெனக் காட்டினர்.

கை முதலில் ஒரே வீச்சில் இலக்கின் அருகே பாய்கின்றது. பின்னர்ச் சிறு சிறு திருத்தங்களால் அதனைச் சேர்கின்றது. முதுமையில் அத்திருத்தங்கள் மிகுகின்றன. அஃது அறிவின் குறையன்று. பொத்தானின் சிறுமையும் அதற்குக் காரணமாகும்.

ஊருக்குச் செல்ல ரயில் டிக்கெட் பதிவு செய்யவும், பேரனுக்கு ஓய்வு கிட்டுமட்டும் காத்திருக்கும் பெரியோர் நம் காலனியில் உளர். இளைஞர்களே! "நானே செய்கிறேன்" என்று அவர்தம் கையிலிருந்து மௌஸைப் பறியாதீர்கள். அம்பின் வேகத்தைக் குறையுங்கள், அம்பையும் எழுத்தையும் பெரிதாக்குங்கள், அருகிலமர்ந்து பொறுத்திருங்கள். அரிசியிலே நம் விரல்பற்றி அகரம் எழுதுவித்த கைகளன்றோ அவை!