அலையும் கடற்புல்வெளியும்



மன்னார்க் கரையிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளின் ஓரங்களிலும், காற்று ஓய்ந்த காலையில், நாடாப் போன்ற பச்சை இலைகள் குவிந்து கிடப்பதுண்டு. அவற்றைப் பாசியென்று எண்ணுவோர் பலர். உண்மையில் அவை கடற்புல்லின் இலைகளாம். பாசிக்கு வேருமில்லை, பூவுமில்லை; கடற்புல்லோ மணலில் வேரூன்றிப் பூத்து வித்திடும் தாவரம். பாக்குக்குடாவின் ஆழங் குறைந்த நீரில் அது பரந்த வெளிகளாகச் செழிக்கின்றது.

நிலத்துப் பயிருக்குக் காற்றும் மழையும் எவ்வாறோ, கடற்புல்லுக்கு அலையும் நீரோட்டமும் அவ்வாறே. மிதமான நீரோட்டம் இலையைப் போர்த்திருக்கும் அசைவற்ற நீர்ப்படலத்தை மெலியச் செய்து, ஊட்டப்பொருள்கள் விரைந்து சேர வழிசெய்கின்றது. வித்துக்களைப் புதிய இடங்களுக்குச் சுமந்து செல்வதும் நீரே. நீர் முற்றாகத் தேங்கினாலோ, மக்கிய பொருள்கள் அடியில் திரண்டு, ஐதரசன் சல்பைட்டு என்னும் நஞ்சு வேர்களைத் தாக்கும்.

வேகம் மிகுந்தாலும் கேடுதான். மணல் அரிக்கப்பட்டு வேர் வெளிப்படும். நகரும் மணல் இளஞ்செடியைப் புதைத்துவிடும். வாடைக் காலத்தில் பாக்குக்குடாவும், சோளகக் காலத்தில் மன்னார்க்குடாவும் இத்தகைய அலைகளை எதிர்கொள்கின்றன. அதனாலேயே அமைதியான நீரில் தொடர்ந்து விரியும் புல்வெளி, அலை மோதும் இடங்களில் திட்டுத் திட்டாக நிற்கின்றது.

புல்லும் வாளாவிருப்பதில்லை. ஓட்டத்தோடு வளைந்து கொடுத்துத் தன்னைக் காத்துக்கொண்டே நீரின் வேகத்தைத் தணிக்கின்றது. வேகம் தணியவே கலங்கல் படிகின்றது, நீர் தெளிகின்றது, வெயில் அடிவரை எட்டுகின்றது, புல் மேலும் தழைக்கின்றது. தன் வாழ்வுக்கு வேண்டிய சூழலைத் தானே ஆக்கிக்கொள்ளும் பயிர் அது.

ஆனால், இவ்வட்டம் எதிர்ப்புறமாகவும் சுழலக்கூடியது. கடலடியை வாரிச் செல்லும் இழுவை வலை புல்லை வேரோடு பறித்துவிட்டால், தடையற்ற நீர் வேகங்கொண்டு சேற்றைக் கிளப்புகின்றது. ஒளி குன்றுகின்றது, எஞ்சிய புல்லும் நலிகின்றது, புதிய செடி பிடிகொள்ள இடமில்லை. நீண்ட இலையுடைய பெருவகைக் கடற்புல்லின் கிடைத்தண்டு ஆண்டொன்றுக்குச் சில சென்ரிமீற்றரே நீளும். ஆகவே, ஒரு நாளில் அழிந்தது மீள்வதற்குப் பல்லாண்டுகள் வேண்டும்.

இறாலும் நண்டும் ஓராவும் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்குவது இவ்வெளிகளில். ஆவுளியா எனப்படும் கடற்பசு மேய்வதும் இங்கேயே. 2017ஆம் ஆண்டில் இலங்கை கடலடி இழுவை மீன்பிடியைச் சட்டத்தால் தடைசெய்தது. 2022இல் தமிழ்நாடு பாக்குக்குடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

அலைக்கு வளைந்து கொடுக்கத் தெரிந்த புல்லுக்கு இழுவை வலையைத் தாங்கும் வலுவில்லை. அவ்வலையைத் தடுப்பது இரு கரை மக்களின் பொறுப்பு. நாளைய மீன்வளம் அதனைச் சார்ந்தே இருக்கின்றது.