குழாய் நீங்கிய ஆர்கன்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கிறித்துவ ஆலயத்து ஆர்கன், நம் பஜனைக் கூடத்து ஆர்மோனியமாக மாறிய வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

பழைய ஆர்கனில் துருத்தி காற்றைச் செலுத்த, சுரத்திற்கொரு குழாய் ஒலிக்கும். குழாய் நீள நீளச் சுரம் தாழும். 8 அடிக் குழாயினும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்க 16 அடிக் குழாய் வேண்டும். சென்னை எழும்பூர்ப் புனித அந்திரேயர் ஆலயத்தில் 1883-இல் நிறுவப்பெற்ற ஆர்கன், இங்கிலாந்தின் யார்க்ஷயரிலிருந்து வந்ததாகும். சிற்றூர் ஆலயத்திற்கு இச்செலவு கட்டுமா? நம் நாட்டு வெப்பத்தில் தோல் வெடிக்கும். மழைக்காலத்தில் மரம் புடைக்கும்.

1842-இல் பாரிசு நகரத்து அலெக்சாந்தர் டெபேன், குழாய்களை நீக்கி, உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலிக்கும் ஆர்மோனியத்திற்குக் காப்புரிமை பெற்றார். குழாய் ஆர்கன் வாங்க இயலாத சிறு ஆலயங்கள் இதனை விரும்பி ஏற்றன. காலால் மிதித்து வாசித்த இக்கருவியை, பின்னர்க் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ், தரையில் அமர்ந்து வாசிக்கத் தக்க கைத்துருத்திப் பெட்டியாக்கினார். இரயில்வே குமாஸ்தாவின் கணக்கிற் சொல்வதாயின், தனி வாகன் கேட்ட சரக்கு, கையில் எடுத்துச் செல்லும் லக்கேஜ் ஆயிற்று!

தமிழ் நாடக மேடை அதனைத் தனதாக்கிக்கொண்டது. எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டிற்கு அவர் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். இன்றும் பாடகர் சுருதியை ‘ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை’ என்கின்றோமே, அக்கட்டை ஆர்மோனியக் கட்டையன்றி வேறன்று. அயலிலிருந்து வந்த பெட்டி நம் குரலுக்கே அளவுகோலாயிற்று!

ஆயினும், கட்டைக்குக் கட்டை தாவும் அக்கருவியில் சுரத்தை அசைக்கும் கமகம் பிறவாது. இக்குறை கூறி, 1940-இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கியது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. குறை கூறியோர் கூற்றில் உண்மை உண்டு. ஆனால், கமகத்தைக் காப்பது பாடுவோர் கடமை; பெட்டியின் கடமையன்று.

அன்பர்களே! திருச்சானூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குழந்தைகள் தெலுங்கைச் செவ்வனே கற்கின்றனர், கற்கட்டும். வந்த இடத்திற்கேற்ப வடிவம் மாறுவது இழுக்கன்று. ஆனால் வீட்டில் தமிழ் பேசி, ழகரம் பிறழாது பயிற்றுவது பெற்றோராகிய நம் பொறுப்பு. அதுவே நம் கமகம். அதனைப் பள்ளிக்கூடமோ வானொலியோ நமக்காகக் காக்கமாட்டா.

 வாழ்க தமிழ்!