பென்ஷன் கடல் தாண்டும், மருத்துவ அட்டை தாண்டாது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்கா அனுபவம்னு ஒரு பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டார். நயாகராவைப் பற்றிப் பேச இங்கே ஆள் நிறைய உண்டு. நான் வேறொரு விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நம் வயசுக்காரர்கள் மூன்று பேர் கூடினால் பேச்சு எங்கே போகிறது? சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, பையன் எங்கே இருக்கான். இந்த மூன்றும் ஒரே விஷயம்தான் என்பதை நான் அறுபத்தைந்து வயதுக்கு மேல் தெரிந்துகொண்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் இந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கி, துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 2014-இல் ஓய்வு பெற்றவன். பையன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டான். "அப்பா, ராயபுரத்துல நீங்க ரெண்டு பேரும் தனியா என்ன பண்றீங்க, வந்துடுங்க" என்று மனு போட்டான். 2019-இல் எனக்கும் என் மனைவிக்கும் கிரீன் கார்டு வந்தது. பெட்டி கட்டுவதற்கு முன்னால் என் மனைவி இரண்டே கேள்வி கேட்டாள்.

"ஏங்க, பென்ஷன் அங்க இருந்தா வருமா?"

"வரும்."

"மாத்திரை?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொன்னேன். இரண்டாவதற்குப் பதில் தேட ஆறு மாதம் ஆயிற்று.

பென்ஷன் விஷயம் சுலபம். வங்கிக் கணக்கை வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான கணக்காக மாற்றிக்கொண்டால் அதிலேயே வந்து விழும். வருஷத்துக்கு ஒரு தடவை உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். 2014-இல் வந்த ஜீவன் பிரமாண் முறையில், 2021 நவம்பர் முதல் செல்போனில் முகத்தைக் காட்டியே அதைக் கொடுக்கலாம். இல்லையென்றால் இந்தியத் தூதரகத்தில் கொடுக்கலாம். ஆக, பென்ஷன் கடல் தாண்டும். மருத்துவ அட்டை தாண்டாது. அது ஏன் என்று புரிந்துகொள்வதுதான் முக்கியம்.

நாம் வளர்ந்த ஊரை நினைத்துப் பாருங்கள். காய்ச்சல் வந்தால் ஸ்டான்லி. நம் பாட்டிமார்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். பிரசவம் என்றால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். துறைமுகத்துக்காரனுக்குத் துறைமுக ஆஸ்பத்திரி, ரயில்வேக்காரனுக்குப் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி. திருவொற்றியூர், எண்ணூர் கம்பெனிகளில் வேலை செய்தவனுக்கு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி, பெரிய வியாதி என்றால் அயனாவரம். ஸ்டான்லி வாசலில் யாரும் நம்மை நிறுத்தி, "நீ எத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கே?" என்று கேட்டதில்லை. அதனால் 'தகுதி' என்ற சொல்லே நம் காதில் விழாமல் வளர்ந்துவிட்டோம்.

ஆனால் உலகத்தில் பெரும்பாலான அரசு மருத்துவத் திட்டங்கள் மூன்று கேள்விகளில் ஒன்றையாவது கேட்கும். இங்கே வேலை செய்தாயா? இங்கே பணம் கட்டினாயா? இங்கே சட்டப்படி இத்தனை வருஷம் குடியிருந்தாயா? நாற்பது வருஷம் சென்னையில் உழைத்துவிட்டு அறுபத்தைந்தாம் வயதில் விமானம் ஏறுகிறவனிடம் மூன்றுக்கும் பதில் 'இல்லை' என்பதுதான். அவனுடைய உழைப்பெல்லாம் இந்தப் பக்கக் கணக்கில் இருக்கிறது. இதில் யார் மேலும் கோபப்பட ஒன்றும் இல்லை. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அமெரிக்காவில் முதியவர்களுக்கான அரசுத் திட்டத்துக்கு மெடிக்கேர் என்று பெயர். 65 வயது ஆனால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கிரீன் கார்டுக்காரர் அங்கே தொடர்ந்து 5 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும், அதன் பிறகுதான் அதைப் பணம் கட்டி வாங்க முடியும். சும்மா கிடைப்பது, கணவனோ மனைவியோ அங்கே சுமார் 10 வருஷம் வேலை செய்து வரி கட்டியிருந்தால்தான். அதுவும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கான 'ஏ' பகுதி மட்டும். மருத்துவர் செலவுக்கான 'பி' பகுதிக்கு எல்லோருமே கட்ட வேண்டும். வேலை செய்த கணக்கே இல்லாதவருக்கு 2025-இல் 'ஏ' பகுதி மாதம் 518 டாலர், 'பி' பகுதி 185 டாலர். இரண்டும் சேர்த்து ஒரு ஆளுக்கு 703 டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ 60,000 ரூபாய். என் பென்ஷன் முழுவதையும் கொடுத்தாலும் என் ஒருவன் பங்குக்கே போதாது. அதைப் பையன்தான் கட்டுகிறான்.

இன்னொரு நுணுக்கம். ஐந்து வருஷம் நிறைகிற மாதத்தை ஒட்டி 7 மாத அவகாசம் தருவார்கள். அதற்குள் பதிவு செய்யாவிட்டால், தாமதித்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் 'பி' பகுதிக் கட்டணம் 10 சதவீதம் கூடும், அந்தக் கூடுதல் கடைசி வரை தொடரும்.

சரி, அந்த ஐந்து வருஷம் என்ன செய்வது? ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் என்ற திட்டத்தை எதிர்பார்க்க முடியாது. 1996-இல் வந்த சட்டம் புதிய கிரீன் கார்டுக்காரர்களை, சில விலக்குகள் தவிர, அதிலிருந்து ஐந்து வருஷம் தள்ளி வைத்திருக்கிறது. சில மாநிலங்கள் மட்டும் தங்கள் சொந்தப் பணத்தில் உதவுகின்றன. நாங்கள் அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையில் தனியார் பாலிசி வாங்கினோம். அங்கே பழைய வியாதியைக் காட்டி மறுக்க முடியாது என்பது பெரிய நிம்மதி. ஆனால் இப்போது போகிறவர்கள் புதுக் கணக்குப் போட வேண்டும். 2025-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, ஐந்து வருஷம் நிறையாத, வறுமைக்கோட்டுக்குக் கீழே வருமானம் உள்ள கிரீன் கார்டுக்காரர்களுக்குக் கிடைத்துவந்த மானியம் 2026 ஜனவரியோடு நின்றுவிட்டது. தவிர, மனுப் போடும் பிள்ளை, "இவர்களை நான் தாங்குவேன்" என்று அந்த அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறான். அது வெறும் பாசக் கடிதம் இல்லை, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்.

அந்த ஐந்து வருஷம் நினைத்தபோது ஊருக்கு வந்து தங்கவும் முடியாது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் "நீ இங்கேதான் குடியிருக்கிறாயா?" என்ற கேள்வி எழும். என் தம்பி ஸ்டான்லியில் படுத்திருந்த சமயம், இன்னும் கொஞ்ச நாள் பக்கத்தில் இருக்க மனசு கேட்டது. காலண்டரைப் பார்த்துவிட்டு டிக்கெட் போட்டேன். அவன், "போய்ட்டு வா அண்ணே, நான் எங்க போயிடப் போறேன்" என்றான். நல்லவேளை, அவன் சொன்ன மாதிரியே பிழைத்துக்கொண்டான். வெளிநாட்டில் போய் இருப்பதற்கு டாலரில் மட்டும் விலை இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பார்வையாளர் விசாவில் போகிறவர்கள் நிலை இதைவிடக் கடினம். என்னோடு படித்த நண்பர் ஒருவர், திருவொற்றியூர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேத்தி பிறந்ததைப் பார்க்கப் போனார். மூன்றாவது வாரம் நெஞ்சுவலி, இரண்டு ஸ்டென்ட். அவசரம் என்று வந்தவரைப் பணம் கேட்டுத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அங்கே 1986-லிருந்து சட்டம் இருக்கிறது. உயிர் பிழைத்தார். ஆனால் பில் பின்னாலேயே வந்தது. அவர் எடுத்திருந்த பயணக் காப்பீடு, "இவருக்கு ஏற்கெனவே பிரஷர் இருக்கிறது" என்று கைவிரித்தது. காலடிப்பேட்டை வீடு அடமானத்துக்குப் போய்விட்டது. அவர் மகன் விசாரித்ததில் ஒரு வழி கிடைத்தது. லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரிகள் வசதி குறைந்தவர்களுக்கு எழுத்துபூர்வமான நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மனுப் போட்டார்கள், பில் கணிசமாகக் குறைந்தது. யாருக்காவது இப்படி நேர்ந்தால், முதல் பில்லைப் பார்த்துவிட்டு வீட்டுப் பத்திரத்தைத் தேடாதீர்கள். முதலில் அந்த மனுவைக் கேளுங்கள்.

மற்ற நாடுகளும் ஒன்று போல் இல்லை. கனடாவில் பெற்றோருக்கு 2011 டிசம்பரில் சூப்பர் விசா என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஒரு தடவை போனால் 5 வருஷம் வரை தங்கலாம். ஆனால் குறைந்தது 1,00,000 டாலருக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். அரசுக் காப்பீடு நிரந்தரக் குடியுரிமை கிடைத்தவர்களுக்குத்தான், சில மாகாணங்களில் அதற்கும் சில மாதம் காத்திருக்க வேண்டும். பிரிட்டனில் 2012 ஜூலையில் விதியை இறுக்கிய பிறகு, பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்வது அபூர்வமாகிவிட்டது. அங்கே பார்க்கப் போன இடத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், அவர்களுடைய வழக்கமான விலையில் ஒன்றரை மடங்கு வாங்குவார்கள். ஆஸ்திரேலியா பதினொரு நாடுகளோடு மருத்துவ ஒப்பந்தம் வைத்திருக்கிறது, அதில் இந்தியா இல்லை.

இப்போது நான் சொல்ல வந்ததில் முக்கியமான பகுதி. அங்கே வாசல் திறக்கிற வரைக்கும் இங்கே இருக்கிற வாசலைச் சாத்திவிடாதீர்கள். நாங்கள் போகும்போது துறைமுக மருத்துவ அட்டையை ஒப்படைக்கவில்லை. இன்றைக்கும் ஊருக்கு வந்தால் என் மனைவிக்கு அதுதான் துணை. ஏனென்றால் அமெரிக்க மெடிக்கேர், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்காவுக்கு வெளியே செல்லாது. மாதாமாதம் டாலரில் கட்டினாலும் ராயபுரத்தில் வந்து விழுந்தால் அந்தக் கார்டு வெறும் அட்டைதான்.

ஒவ்வொருவரும் தங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மத்திய அரசு ஓய்வூதியர் சி.ஜி.எச்.எஸ். அட்டையையும், ரயில்வேக்காரர் அவர்களுடைய ஓய்வுக்கால மருத்துவத் திட்டத்தையும் உயிரோடு வைத்திருங்கள். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு 2022 ஜூலையில் தொடங்கிய நான்காண்டுத் திட்டத்தில் பென்ஷனிலேயே மாதம் 497 ரூபாய் பிடித்தார்கள். பிடித்தம் தெரியும், எந்தெந்த ஆஸ்பத்திரி என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

கம்பெனித் தொழிலாளி நண்பர்களே, உங்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டும். இ.பி.எஃப். பென்ஷனோடு மருத்துவம் எதுவும் ஒட்டிக்கொண்டு வராது. அதன் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் 1,000 ரூபாய். ஆனால் குறைந்தது 5 வருஷம் இ.எஸ்.ஐ. வளையத்துக்குள் வேலை செய்து, வயதாகி ஓய்வு பெற்றவர், ஒரு வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். மாதத்துக்குப் பத்து ரூபாய்! எங்கள் தெருவில் இதைச் சொன்னபோது ஒருவர், "இன்னா மாமா, கிண்டல் பண்றியா?" என்று கேட்டார். அடுத்த வாரம் அவரே போய்க் கட்டிவிட்டு வந்தார். வெளிநாட்டில் இருந்தாலும் வருஷா வருஷம் கட்டச் சொல்லி ஒரு தம்பியிடமோ மருமகனிடமோ பொறுப்புக் கொடுங்கள்.

சொந்தக் காசில் மருத்துவப் பாலிசி வைத்திருப்பவர்கள், "அங்க போறோமே, இது எதுக்கு" என்று நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டுப் பிறகு புதிதாக எடுத்தால் பழைய வியாதிகளுக்கான காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் அந்தக் காத்திருப்பை அதிகபட்சம் 3 வருஷமாகக் குறைத்தது. 65 வயதுக்கு மேல் புதுப் பாலிசி இல்லை என்ற வரம்பையும் எடுத்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

மாணவச் செல்வங்களே, "கிழவர்கள் கதை நமக்கு எதற்கு?" என்று நினைக்காதீர்கள். நாளைக்கு டாலஸிலோ டொராண்டோவிலோ இருந்துகொண்டு "வந்துடுங்கப்பா" என்று போன் செய்யப் போவது நீங்கள்தான். அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் நான்கு விஷயம் விசாரியுங்கள். எந்த விசா? அந்த விசாவுக்கு அரசு மருத்துவம் உண்டா? உண்டென்றால் எந்தத் தேதியிலிருந்து? அதுவரை யார் கட்டுவது, மாதம் எவ்வளவு? பதிலை ஒரு தாளில் எழுதி அப்பா அம்மா கையில் கொடுங்கள். அவர்கள் வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா, பூட்டிவிட்டுப் போவதா என்று அதைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

பிள்ளைகளோடு போய் இருப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. பேரன் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற சுகத்துக்கு விலை கிடையாது. நானே மறுபடி அங்கே போகப் போகிறவன்தான். தெரிந்து போங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலக வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். பென்ஷன் புத்தகம், இ.எஸ்.ஐ. அட்டை, பாலிசிக் காகிதம் எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.