சம்பளம் இரகசியம் அல்ல

(மீளக் குடியேறும் குடும்பங்களுக்காகக் கல்முனையில் நடந்த தகவல் கூட்டத்தில் எமது தொடர்பாடல் அலுவலர் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டங்களில் வீடு, காணி உறுதி, பிள்ளைகளின் பாடசாலை பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இன்று கூலியைப் பற்றிப் பேசப் போகிறேன். கொட்டிலை விட்டுச் சொந்த வீட்டுக்குப் போனதும் நிவாரணம் நின்றுவிடும். அதன் பிறகு அடுப்பை எரிய வைக்கப் போவது உங்கள் உழைப்பின் காசுதான்.

அண்மையில் ஒரு வீட்டுத்திட்டத்தில் இரண்டு பேரைச் சந்தித்தேன். ஒரே மேசனுக்கு இருவரும் கையாட்கள். ஒரே சீமெந்தைக் குழைத்து, ஒரே கல்லைச் சுமந்தவர்கள். ஒருவருக்கு நாட்கூலியில் நூறு ரூபாய் குறைவு. அவர் கொட்டிலில் இருந்து வந்தவர். என்ன கொடுத்தாலும் வாங்குவார் என்ற எண்ணம். "மற்றவனுக்குச் சொல்லாதே" என்று இருவரிடமும் கொந்தராத்துக்காரர் சொல்லி வைத்திருந்தார். தேத்தண்ணிக் கடையில் ஒருநாள் விசயம் வெளியே வந்தது. குறைவாக வாங்கியவர் என்னிடம் கேட்டார்: "இதப் பத்திப் பேசினா வேலையால நிப்பாட்டலாமா? சட்டம் என்ன சொல்லுது?"

நேர்மையாகச் சொல்கிறேன். "தொழிலாளர் தம் சம்பளத்தைத் தமக்குள் பேசலாம்" என்று சொல்லும் தனிப் பிரிவு நமது தொழிற் சட்டங்களில் இல்லை. அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பெரும்பாலான தனியார் துறைத் தொழிலாளருக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. ஆனால் பேசுவதைக் குற்றமாக்கும் சட்டமும் இங்கே இல்லை. இன்னும் சொன்னால், நமது சட்டம் கூலியை இரகசியமாக நினைக்கவே இல்லை.

1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தைப் பாருங்கள். கட்டிட வேலை, நெல் குற்றும் ஆலை, செங்கல் ஓடு உற்பத்தி போன்ற பல தொழில்களுக்கு, தொழிலாளர் தரப்பும் முதலாளி தரப்பும் சேர்ந்த சபை ஒன்று ஆகக் குறைந்த கூலியைத் தீர்மானிக்கிறது. அது வர்த்தமானியில் வெளியாகிறது. அந்த வீதத்தை வேலைத்தலத்தில் தொழிலாளர் பார்க்கும்படி அறிவித்தலாக ஒட்டவும் வேண்டும். சட்டம் சுவரில் ஒட்டச் சொல்வதை வாயால் சொல்லக் கூடாது என்று எப்படித் தடுப்பது? அந்த வீதத்துக்குக் குறைவாக வாங்க நீங்களே ஒப்புக்கொண்டு கையொப்பம் வைத்திருந்தாலும் அந்த உடன்பாடு செல்லாது. கிழமைக் கூலி என்றால் கிழமை முடிந்து 3 நாட்களுக்குள்ளும், மாதச் சம்பளம் என்றால் 10 நாட்களுக்குள்ளும் கையில் தர வேண்டும்.

நமது கரையோரத்துக்கு இது புதிதும் அல்ல. கரைவலை இழுப்பவர்களைக் கேளுங்கள். மீன் எவ்வளவுக்குப் போனது, செலவு எவ்வளவு, பங்கு எவ்வளவு என்று எல்லாம் மணலில் எல்லோர் முன்னாலும் பிரியும். யாரும் அதை மானக்கேடாக நினைப்பதில்லை. கடலில் வெளிப்படையாக இருப்பது கட்டிடத்திலும் கடையிலும் மட்டும் ஏன் ஒளிந்திருக்க வேண்டும்?

தொண்டு நிறுவனங்களாகிய எங்களிடமும் பிழை உண்டு. சுனாமிக்குப் பிறகு வேலைக்குக் காசு கொடுத்த திட்டங்களில் நிறுவனத்துக்கு நிறுவனம் நாட்கூலி வேறுபட்டது. அடுத்த கொட்டில்காரரோடு பேசியபோதுதான் பலருக்கு அது தெரிந்தது. அப்படிக் கேட்டவர்கள் பொறாமைக்காரர் அல்ல, கேட்டது நியாயம்.

பெண்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1993இல் ஏற்றது. தேயிலைத் தோட்டங்களில் ஆண் பெண் கூலி 1984இல்தான் சமமாக்கப்பட்டது. பக்கத்தில் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்று தெரியாமல் சமமா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்?

இனி, பயம். அது உண்மையான பயம்தான். தனியே நின்று சத்தம் போட்டால் நாளைக்கு வேலை இல்லை என்று சொல்லி விடலாம். ஆகவே சட்டத்தின் குடை எங்கே இருக்கிறதோ அங்கே போய் நில்லுங்கள். 7 பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் பதியலாம். சங்கத்தில் சேர்ந்ததற்காகவோ சங்க வேலை செய்ததற்காகவோ ஒருவரை நீக்குவதைக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தம் தடுக்கிறது. அதிகாரி ஒருவர் முன்னிலையில் நல்லெண்ணத்தோடு சொன்ன வாக்குமூலத்துக்காகத் தண்டிப்பதையும் அது தடுக்கிறது.

ஆகவே இவற்றைச் செய்யுங்கள்:

1. வேலை செய்த நாள், நேரம், வாங்கிய தொகையை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள்.

2. கூட வேலை செய்பவரிடம் முதலில் உங்கள் கூலியைச் சொல்லுங்கள். பிறகு அவருடையதைக் கேளுங்கள். வேலை நேரத்தில் வேண்டாம், வேலை முடிந்த பிறகு பேசுங்கள். சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம்.

3. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி தன் பங்காக 12 வீதமும் கட்ட வேண்டும். நாட்கூலிக்காரருக்கும் இது உரியது. பிடித்த காசு கட்டப்பட்டதா என்று கேளுங்கள்.

4. கடையிலோ அலுவலகத்திலோ வேலை என்றால் நியமனக் கடிதம் கேளுங்கள். கையொப்பம் வைக்கும் முன் ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள். "சம்பளத்தை வெளியில் சொல்லக் கூடாது" என்ற வசனம் இருந்தால், அதன் பொருள் என்ன என்று விசாரியுங்கள்.

5. குறைவு என்று தெரிந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து மரியாதையாகக் கேளுங்கள். சரிவராவிட்டால் தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறையிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. வேலையால் நிறுத்தினால் தொழில் நியாய சபைக்குப் போகலாம்; காலவரையறை உண்டு, தாமதிக்க வேண்டாம். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

அந்தக் கையாள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: உங்கள் கூலியைப் பற்றிப் பேசுவது குற்றம் அல்ல. ஆனால் தனியாகப் பேசாதீர்கள். சேர்ந்து பேசுங்கள், எழுதி வைத்துப் பேசுங்கள். கடல் கொண்டு போனதை எங்களால் திருப்பித் தர முடியவில்லை. நீங்கள் உழைத்ததையாவது யாரும் குறைத்துவிடாமல் பார்த்துக்கொள்வோம்.