ரசீதின் மூலையில் இருக்கும் அந்த எண்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எண்களை வாசிப்பது என் அன்றாட வேலை. வட்டி விகிதமோ, வெப்பநிலையோ, திரையில் ஓடுவதை வாசித்துவிட்டுப் போய்விடுவேன். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று நின்று யோசித்தது குறைவு. நான் படித்தது பொதுமக்கள் தொடர்புத் துறையில் ஒரு டிப்ளோமா. கணக்கியல் படித்ததில்லை. அதனால் வரி எண்ணைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டபோது தயங்கினேன். பிறகு ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஒரு சாப்பாட்டு ரசீது.

எங்கள் குடும்பத்தில் ஒரு நிச்சயதார்த்தம். லிட்டில் இந்தியாப் பக்கம் தொழில் நடத்தும் ஒருவரிடம் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தோம். பெயர் வேண்டாம். அவருடைய பாயசத்தைப் பற்றி உறவினர்கள் இன்னும் பேசுகிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ரசீதில் 4,800 வெள்ளி என்றும், அதற்குக் கீழே ஜிஎஸ்டி 9 விழுக்காடு, 432 வெள்ளி என்றும் இருந்தது. மேல் மூலையில் எட்டு இலக்கங்களும் கடைசியில் ஓர் எழுத்தும் கொண்ட எண். எண்ணும் இருக்கிறது, வரியும் இருக்கிறது, எல்லாம் முறைப்படிதான் இருக்கிறது என்று பணம் கட்டப் போனோம். கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா மகள் மட்டும் ரசீதை வாங்கி, கைப்பேசியில் எதையோ தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இவர் ஜிஎஸ்டிக்குப் பதிவே செய்யவில்லை."

"அப்படியென்றால் இந்த எண்?"

"அது யூஇஎன். அது வேறு, இது வேறு."

இந்த வேறுபாடு எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. சமைத்துக் கொடுத்தவருக்கும் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

யூஇஎன் என்பது ஒரு தொழிலின் அடையாள எண். நமக்கு அடையாள அட்டை எண் இருப்பதுபோல. முன்பெல்லாம் ஒரே கடைக்கு ஒவ்வோர் அரசாங்க அலுவலகத்திலும் ஒவ்வோர் எண். 2009 ஜனவரி 1 முதல் எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்று ஆக்கினார்கள். அந்த எண்ணைப் படிக்கவும் செய்யலாம். உள்ளூர் நிறுவனமாக இருந்தால் முதல் நான்கு இலக்கங்கள் அது பதிவான ஆண்டைச் சொல்லும். சங்கமாக இருந்தால் 'டி' அல்லது 'எஸ்' என்று தொடங்கும். 'டி' என்றால் 2000க்குப் பிந்தியது, 'எஸ்' என்றால் 1900களில் தோன்றியது. அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. யார் மூத்த சங்கம் என்ற சண்டையை இதை வைத்தே தீர்த்துவிடலாம்.

2018இல் நிறுவனங்களுக்கும் பேநவ் வந்த பிறகு, இந்த எண் எல்லார் கண்ணிலும் படுகிறது. தேக்கா பக்கம் போனால், கியூஆர் படத்துக்குக் கீழே யூஇஎன் ஒட்டியிருக்கும் கடைகள் எத்தனையோ. நாளுக்கு நூறு வெள்ளிக்கு விற்றாலும், தொழிலைப் பதிவு செய்திருந்தால் யூஇஎன் உண்டு. வரி வசூலிக்க அவருக்கு உரிமை இருக்கிறதா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

அந்த உரிமை உள்நாட்டு வருவாய் ஆணையத்தில் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான். குழப்பம் எங்கே வருகிறது என்றால், பல நிறுவனங்களுக்கு யூஇஎன்னே ஜிஎஸ்டி எண்ணாகவும் இருக்கிறது. சிலருக்கு 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும் தனி எண். ஆக ஒரு கடையில் அந்தப் பத்து எழுத்துகள் வரி எண். பக்கத்துக் கடையில் அதே மாதிரி இருக்கும் பத்து எழுத்துகள் வெறும் அடையாள எண். உற்றுப் பார்த்துப் பயன் இல்லை.

சென்னையிலிருந்து சரக்கு எடுப்பவர்களுக்கு இது விநோதமாக இருக்கும. இந்தியாவில் 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது அதற்கென்றே 15 இடங்கள் கொண்ட எண் கொடுத்தார்கள். தமிழ்நாடு என்றால் 33இல் தொடங்கும், அதற்குப் பிறகு பத்து இடங்களில் பான் எண். பார்த்தவுடன் இது ஜிஎஸ்டி எண் என்று தெரிந்துவிடும். இங்கே ஒரே எண் என்பது தொழில் செய்பவருக்கு வசதி. வாடிக்கையாளருக்கு அது வசதிதானா என்பதில் எனக்குச் சந்தேகம்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? ஆணையத்தின் இணையத்தளத்தில் ஜிஎஸ்டி பதிவு பெற்ற தொழில்களைத் தேடும் பக்கம் ஒன்று இருக்கிறது. சிங்பாஸ் வேண்டாம், கட்டணம் இல்லை. எண்ணையோ பெயரையோ போட்டால் பதிவு இருக்கிறதா என்று காட்டும். பதிவு இல்லாமல் ஜிஎஸ்டி என்று சொல்லிப் பணம் வாங்குவது குற்றம். இன்னொன்றும் உண்டு. பதிவு பெற்ற கடை, பொதுமக்களுக்குச் சொல்லும் விலையை வரியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும்தான் விதிவிலக்கு. புடைவைக் கடையில் விலைச்சீட்டு ஒன்று, பணம் கட்டும் இடத்தில் 9 விழுக்காடு கூடுதல் என்றால் தாராளமாகக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

வாங்குபவரே தொழில் செய்பவராக இருந்தால் இழப்பு இன்னும் நேரடியானது. தாம் கொடுத்த வரியைத் திரும்பக் கேட்க, விற்றவரின் ஜிஎஸ்டி எண் உள்ள முறையான வரி விலைப்பட்டியல் வேண்டும். பதிவில்லாதவரிடம் கொடுத்த வரியை அப்படிக் கேட்க முடியாது.

இதுவரை வாங்குபவர் பக்கம். கடைக்காரர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்.

பதிவு கட்டாயமாவது ஆண்டுக்கு வரிக்குட்பட்ட விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டும்போது. "எனக்கு எங்கே மில்லியன் வருகிறது?" என்று சிரிப்பார்கள். இலாபத்தைச் சொல்லவில்லை ஐயா, விற்பனையைச் சொல்கிறார்கள். 365ஆல் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு ஏறத்தாழ 2,740 வெள்ளி. அரிசி, பருப்பு, எண்ணெய் விற்கும் ஒரு சுமாரான மளிகைக் கடை, இலாபம் சொற்பமாக இருந்தாலும், அந்த எல்லையைத் தாண்டிவிடும். மளிகைக்கு இங்கே விலக்கு இல்லை. (நாணயம் மாற்றுவோர் கதை வேறு. நாணய மாற்று, விலக்கு பெற்ற நிதிச் சேவை.) 1994 ஏப்ரலில் 3 விழுக்காட்டில் வரி தொடங்கியபோதும் எல்லை 1 மில்லியன்தான். 2024 முதல் வரி 9 விழுக்காடு, எல்லை மட்டும் அதே இடத்தில். விலைவாசி ஏற ஏற, சின்னக் கடைகளும் அதை நெருங்குகின்றன.

இரண்டு கடை, இரண்டு யூஇஎன், ஒவ்வொன்றிலும் 6 இலட்சம், ஆகவே கவலை இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் ஒருவரின் தனியுரிமைத் தொழில் என்றால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். வரிப் பதிவு கடைக்கு அல்ல, ஆளுக்கு.

ஆண்டு முடிவில் தாண்டியிருந்தால் அடுத்த ஜனவரி 30க்குள் விண்ணப்பிக்க வேண்டும், மார்ச் 1 முதல் வரி. அடுத்த 12 மாதத்தில் தாண்டுவது உறுதி என்று தெரிந்தால், தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள். தவறவிட்டால், பதிவு செய்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்குப் போடுவார்கள். வாடிக்கையாளரிடம் வாங்காத வரியைத் தம் கையிலிருந்து கட்ட வேண்டும். 5 இலட்சம் வெள்ளி விற்பனைக்குள் அடங்கிய வரி 41,000 வெள்ளிக்கு மேல். சரக்குக்குக் கொடுத்த வரியைக் கழித்தாலும் மீதி இருக்கும். அதன்மேல் 10 விழுக்காடு தண்டம், 10,000 வெள்ளி வரை அபராதமும் விதிக்கலாம்.

எல்லையைத் தாண்டாதவர்களும் விரும்பினால் பதிவு செய்யலாம். நிறுவனங்களுக்கு விற்பவர்களுக்கு அது உதவும். ஆனால் இரண்டு ஆண்டாவது அதில் இருக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் அப்படித் தாமாகப் புதிதாகப் பதிபவர்கள் இன்வாய்ஸ்நவ் மின்முறையிலும் விலைப்பட்டியல் விவரங்களை அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர்களுக்கே விற்கும் கடை அவசரப்படத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

நம் சமையல்காரரிடம் வருகிறேன். தொலைபேசியில் கேட்டபோது அவர் கோபப்படவில்லை, திகைத்துப் போனார். ரசீது மென்பொருளை அமைத்துக் கொடுத்த பையன் அந்த வரியைச் சேர்த்துவிட்டானாம். எல்லாரும் போடுகிறார்களே என்று இவரும் விட்டுவிட்டார். எங்கள் 432 வெள்ளியைத் தள்ளிவிட்டார். "இதற்கு முன்னால் மற்றவர்களிடம் வாங்கியது, அண்ணே?" என்று கேட்டேன். வெகுநேரம் பதில் இல்லை. வந்த பணத்தை எல்லாம் அரிசிக்கும் ஆட்களுக்கும் செலவழித்திருக்கிறார். வரி என்ற பெயரில் வாங்கியது அவருடைய பணம் அல்ல என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தவற்றைத் தாமே முன்வந்து சொன்னால் ஆணையம் தண்டத்தைக் குறைக்கும் ஏற்பாடு இருப்பதைச் சித்தப்பா மகள் எடுத்துச் சொன்னாள். மறுவாரம் பழைய ரசீதுகளை ஒரு அரிசிப் பையில் போட்டு அவளிடம் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டினார்கள்.

உங்களில் சிலர் கையில் ரசீதோடு வந்திருப்பதைப் பார்க்கிறேன். முதல் வரிசையில் பச்சைப் புடைவை அம்மா, உங்களுடையதை எடுங்கள். அந்தத் தேடும் பக்கத்தைத் திரையில் போடச் சொல்கிறேன்.